மச்சான் கொடுத்த நீல அட்டை

1

கார்க் கண்ணாடியை யாராவது தட்டினால் என் கை இன்னும் தானாக லைசென்ஸைத் தேடும். இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் அது மாறவில்லை. எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருப்பேன். ஆனாலும் சீருடையைக் கண்டால் எதையோ மறந்துவிட்டோம் என்று மனசு அடித்துக்கொள்ளும். போன வாரம் அப்படித்தான் தட்டினார்கள்.

நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மூச்சுப் பயிற்சி நடக்கும் கூடத்தின் முன்னால் நின்றிருந்தோம். மாற்றுத்திறனாளிகளுக்கென்று கோடு போட்டு ஒதுக்கிய இடம். முன்கண்ணாடிக்குக் கீழே நீல அட்டையை வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் இறங்குவதற்காக மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் தங்கவேல். பார்த்தால் ஒரு நோயும் தெரியாது. நல்ல உயரம், அகலமான தோள், திருப்பூர்ப் பக்கத்துச் சேவூர்க்காரர் என்று ஊருக்கே சொல்லும் மீசை. நுரையீரல் மட்டும் உள்ளே சுருங்கிக்கொண்டு வருகிறது. கொஞ்ச தூரம் நடந்தால் நின்றுவிடுவார். நிற்பது தெரியாமல் இருக்க, பக்கத்துக் கடையில் எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்வார்.

தட்டியது ஒரு பார்க்கிங் ஆபீசர். உயரமான பெண், மழைக்கோட்டு போட்டிருந்தார். "மன்னிக்கவேண்டும், அட்டையின் பின்பக்கத்தைக் காட்டமுடியுமா?" என்று கேட்டார். பின்பக்கத்தில்தான் போட்டோ இருக்கும். வாங்கிப் பார்த்தார். போட்டோவில் இருந்த மீசையையும் எதிரில் இருந்த மீசையையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்து, திருப்பிக் கொடுத்தார். இரண்டு கையாலும் கொடுத்தார். பிறகு குனிந்து ஓட்டுநர் இருக்கையில் இருந்த என்னைப் பார்த்தார்.

"நீங்களா! உங்கள் தம்பி எப்படி இருக்கிறார்? பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாரா?"

சேர்ந்துவிட்டார், நலம் என்றேன். அவர் போனதும் என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இந்தப் புள்ளைக்கு நம்ம மாப்ளயை எப்புடித் தெரியும்?"

"பயிற்சி முடிச்சுட்டு வாங்க. சொல்றனுங்க" என்றேன்.

அன்றைக்கு அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த நீல அட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கும், நடந்தால் உயிர் போய்த் திரும்புகிறவர்களுக்கும் நகராட்சி இதைக் கொடுக்கிறது. கடை வாசல், ஆஸ்பத்திரி வாசல் என்று கிட்டத்திலேயே வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். அட்டை வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். அந்த ஆள் கூட வந்தால் யார் வண்டியில் வேண்டுமானாலும் வைக்கலாம். அவர் வராவிட்டால் அவருடைய சொந்த வண்டியில்கூட வைக்கக்கூடாது. அப்படி வைத்துப் பிடிபட்டால் அபராதம் உண்டு, வழக்கு உண்டு. அதையெல்லாம்விட, அந்த இடத்திலேயே அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாம். அட்டை போனால் என் வீட்டுக்காரர் டாக்டரையும் பார்க்க முடியாது, பயிற்சிக்கும் போக முடியாது. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்த அட்டை லேசில் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் நகராட்சி இல்லை, எங்கள் ஊர் மரியாதை.

முதல்முறை பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். அறைக்குள் ஓர் அம்மாள் வந்தார். வந்தவரைக் கண்டதும் இவர் எழுந்து நின்றார். அதோடு விட்டாரா? மூலையில் கிடந்த நாற்காலியைத் தூக்கிவந்து போட்டு, உட்காருங்கள் என்றார். அது அந்த அம்மாளின் அலுவலகம், அவருடைய நாற்காலி. அந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார்.

"எப்படி இருக்கிறீர்கள்?"

"வெரி ஃபைன், தேங்க் யூ."

"கடைக்குத் தனியாக நடந்து போவீர்களா?"

"போவேன்."

"படி ஏறுவீர்களா?"

"மெதுவாக ஏறுவேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். பலனில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நாற்காலியைத் தூக்க முடிகிறது, நடக்க முடிகிறது, படி ஏற முடிகிறது, பிறகு எதற்கு அட்டை? அவர்கள் மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது.

"ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"மொதல்மொதலாப் பாக்கற பொம்பளைகிட்ட, எனக்கு அது ஆகாது இது ஆகாதுன்னு பாட்டுப் பாடச் சொல்றியா? நல்லா இருக்கீங்களான்னு கேக்கறாங்க. நல்லா இருக்கேன்னுதான சொல்லோணும்?"

எங்கள் பக்கத்தில் காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால், அவர் எழுந்து உட்கார்ந்து நம் வீட்டு ஆடு மாடு சௌக்கியம் வரை விசாரித்துவிட்டுத்தான் மறுபடி படுப்பார்.

இரண்டாம் முறை வேறொரு பெண் பரிசோதித்தார். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று காட்டும் ஒரு கிளிப்பை விரல் நுனியில் மாட்டிவிட்டு, "வாருங்கள், இந்த வராந்தாவில் கொஞ்சம் நடப்போம். நடந்துகொண்டே உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். இவருக்கு ஊரைப் பற்றிப் பேசச் சொன்னால் போதும். சேவூரில் நிலக்கடலை பிடுங்கும் காலத்தில் ஆரம்பித்தார். கடலை செடியிலிருந்து உதிர்வதற்குள் பேச்சு நின்றுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டார். உதடு நீலமாகிவிட்டது. அப்போதும் அந்தப் பெண்ணைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சிரிக்கப் பார்த்தார். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நன்றாக இருக்கிறேன் என்று சொல்பவர்களை நான் எப்போதும் நடக்கவிட்டுத்தான் பார்ப்பேன்."

அந்தப் பெண்ணின் பெயர்கூட இப்போது எனக்கு நினைவில்லை. ஆனால் நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. பொய் சொல்லி வாங்க வருபவரையும் கண்டுபிடிக்க வேண்டும், மரியாதைக்காக நோயை மறைப்பவரையும் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே வராந்தாவில் செய்தார்.

3

இனி என் தம்பி மயில்சாமிக்கு வருகிறேன்.

இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் அவனுக்கு வலது கால் சூம்பிவிட்டது. போலியோ. காலைத் தாங்கும் இரும்புச் சட்டமான காலிபரை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் தடியோடு நடப்பான். பல்லடம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறான். பெரிய கம்பெனிகள் வெட்டி அனுப்பும் டீ-ஷர்ட் துண்டுகளைத் தைத்துக் கொடுக்கும் வேலை. தைக்கிறவர்களில் பாதிப் பேர் ஒடிசாக்காரர்கள். அவர்களோடு பேசிப் பேசி இந்தி நன்றாக வரும். ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசியே பழகியவன். அதனால் சாவு வீட்டில்கூட மெதுவாகப் பேசத் தெரியாது.

அவனிடம் ஒரு குணம். யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டான். எங்கள் பக்கத்தில் பொதுவாகவே அது கடினமான வார்த்தைதான். கேட்டால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் வாங்க வேண்டும். மாமன் மச்சான் உறவு என்றால் கேட்கவே வேண்டாம். பந்தியில் இலையைக் கையால் மறைத்தால் கையின் மேலேயே சோறு விழும். குடும்பத்தில் ஒருத்தர் வக்கீலுக்குப் படித்துவிட்டால் பங்காளிகள் வண்டி அத்தனையிலும் வக்கீல் ஸ்டிக்கர் ஏறிவிடும். மளிகைக்கடை வைத்திருக்கும் சித்தப்பா பைக்கில்கூட. அதை யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை. நம்ம பையன் ஸ்டிக்கர், நாம் ஒட்டிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளி அட்டை வாங்க மயில்சாமி அரசு ஆஸ்பத்திரி முகாமில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தான். அவன் கால் ஊருக்கே தெரியும் கால். அப்படியிருந்தும் டாக்டர் காலிபரைக் கழற்றச் சொல்லி, அளந்து, அழுத்தி, நடக்கச் சொல்லிப் பார்த்தாராம். எனக்குக் கேட்கும்போதே கோபம் வந்தது. அவனுக்கு வரவில்லை.

"அளக்கட்டுங்கக்கா. அளக்காமக் குடுத்தாங்கன்னா கால் நல்லா இருக்கறவனுக்கும் குடுத்துருவாங்க. அப்பறம் என்ற அட்டைக்கு என்ன மதிப்பு?"

அந்த வரிசையில் அவனுக்கு முன்னால் ஒருத்தர் அப்படி நொண்டினாராம், பார்த்தவர்களுக்கெல்லாம் கண் கலங்கும்படி. அவர் முறை வருவதற்குள், வாசலில் குண்டடம் போகும் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. மனுஷன் எல்லாவற்றையும் மறந்து ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார். டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மயில்சாமி இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஆளின் ஓட்டத்தைத் தடியை வைத்து நடித்துக் காட்டுவான்.

அட்டை கையில் வந்த கொஞ்ச நாளில் எங்கள் பெரியப்பா மகன் ஆப்பிள் பையோடு வந்தார். பனியன் கம்பெனி முதலாளி. மாற்றுத்திறனாளி பெயரில் கார் எடுத்தால் வரியில் சலுகை உண்டு. தம்பி பெயரில் தான் ஒரு பெரிய கார் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் அப்போது விடுமுறையில் அங்கேதான் இருந்தேன். என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குப் படபடப்பு.

"தாராளமா எடுங்கண்ணா" என்றான். அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"உன்ற மனசு யாருக்கு வரும், சாமி!"

"வண்டி மட்டும் என்ற ஊட்டு வாசல்ல நிக்கட்டுங்க. உங்களுக்கு எப்ப வேணுமோ வாங்க, என்னையுங் கூட்டீட்டுப் போங்க. நானும் கார்ல போயி நெம்ப நாளாச்சுங்க."

அண்ணன் காபியைக் குடித்துவிட்டுப் போனார். பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. உறவும் கெடவில்லை. இன்றைக்கும் அவர் வீட்டு விசேஷம் என்றால் மயில்சாமிக்குத்தான் முதல் பத்திரிகை.

4

போன கோடையில் மயில்சாமி எங்களைப் பார்க்க வந்தான். அவனுக்கு முதல் வெளிநாட்டுப் பயணம். என் மகள் தாரணி கல்லூரி விடுமுறையில் வீட்டில் இருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் மரியாதை விகுதியெல்லாம் அவளிடம் கிடையாது. மாமனைப் பார்த்து, "மாமா, நீ டீ குடிக்கிறியா?" என்று கேட்டாள். தம்பியைக்கூட வாங்க போங்க என்றே கூப்பிடும் எனக்குத் தலையைத் தொங்கப்போட வேண்டியதாயிற்று. மயில்சாமி வீடு அதிரச் சிரித்தான்.

"குடிக்கறேன் கண்ணு. உங்கொம்மா இத்தனை வருசத்துல என்னய இவ்வளவு கிட்டத்துல கூப்புட்டதில்ல."

அவனுக்கு இங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாங்கள் இங்கே இருக்கும் ஊரின் பழைய பகுதியில், ஒரு மேட்டின் மேலே சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. துணி பின்னும் பழைய காலத்து இயந்திரங்கள் அங்கே இன்னும் ஓடுகின்றன. எல்லாம் கையாலும் காலாலும் இயக்குபவை. பனியன் துணியின் பூர்வீகமே அந்தப் பக்கத்துக் குடிசைகள்தான் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். "நம்ம திருப்பூருக்கு அப்பன் ஊரு அது. பாக்காமப் போனா எப்படிங்க்கா?" என்று வந்த நாளிலிருந்து நச்சரித்தான்.

குறித்த நாளில் என் வீட்டுக்காரருக்கு மூச்சு மோசமாகிவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள் என்றார். நாங்கள் கிளம்பி வாசலுக்கு வந்ததும், சுவரைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தார். கையில் நீல அட்டை.

"மாப்ள, இதைக் கொண்டுபோங்க. அங்க மேடு. வண்டியை வாசல்லயே நிறுத்திக்கலாம். உங்களுக்குங் கால் ஆகாதல்ல, இதுல ஒண்ணுந் தப்பில்ல."

தாரணி சோபாவிலிருந்து எழுந்தே விட்டாள். "அப்பா, நோ! அது உன் கார்டு. நீ போகாம யூஸ் பண்ணா ஃப்ராடு. புடிச்சா கார்டை எடுத்துடுவாங்க. அப்புறம் நீ எப்படி கிளினிக் போவ?"

அவர் முகம் வாடிப்போய்விட்டது. வாசலில் நிற்பது மனைவியின் தம்பி. கடல் தாண்டி வந்த விருந்தாளி. அவனைக் கூட்டிக்கொண்டு போக உடம்பில் தெம்பில்லை. தன்னிடம் இருக்கும் ஒன்றையாவது கொடுக்கலாம் என்றால், பெற்ற மகள் அதற்கு ஃப்ராடு என்று பெயர் வைக்கிறாள்.

"என்ற மாப்ளைக்கு நான் குடுக்கறேன். இதுல ஃப்ராடு எங்கிருந்து வந்துச்சு?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இரைத்தது.

மகள் சொல்வது சரி. அவர் மனசும் எனக்குத் தெரியும்.

மயில்சாமி தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். இரண்டு கையையும் நீட்டி அட்டையை வாங்கினான். கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். சட்டைப் பையில் பத்திரமாக வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினான்.

"நீங்க குடுத்தா மறுபேச்சு ஏதுங்க மச்சான். நீங்க உள்ள போயிப் படுங்க, காத்தடிக்குது."

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. தாரணி என்னைப் பார்த்து முறைத்தாள்.

5

மேட்டு அடிவாரத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. அருங்காட்சியக வாசலில் மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் காலியாக இருந்தது. கார் தானாகவே அங்கே மெதுவானது. தடியை ஊன்றிக்கொண்டு அந்தக் கல் பாவிய ஏற்றத்தில் அவன் வழுக்கி விழுந்தால் என்ன செய்வது?

"தம்பி, வெச்சரலாமா?" என்றேன்.

"அதுல மச்சான் போட்டோ இருக்குதுங்கக்கா. அந்த மீசை எனக்கு வருங்களா? நேராப் போங்க."

கீழே சாதாரண நிறுத்துமிடத்துக்குப் போய், சீட்டு வாங்கிக் கண்ணாடியில் வைத்தேன். அவன் இறங்கி, காலிபரைப் பூட்டி, ஏற்றத்தைப் பார்த்தான். பத்தடி போயிருக்கமாட்டோம், எதிரே மழைக்கோட்டில் ஒரு பார்க்கிங் ஆபீசர் வந்தார். அவருடைய பார்வை அவன் காலில் விழுந்தது, பிறகு சட்டையில். நனைந்த வெள்ளைச் சட்டை. பைக்குள் இருந்த நீலம் பளிச்சென்று வெளியே தெரிந்தது.

"சார், அது என்ன அட்டை?"

அதை வண்டியில் வைக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? வேறு ஆளின் அட்டை இவன் பையில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய்விட்டால், வீட்டில் படுத்திருக்கும் மனுஷனிடம் நான் என்ன சொல்வேன்?

மயில்சாமி பதறவில்லை. தடியைக் கக்கத்தில் இடுக்கினான். வீட்டு வாசலில் வாங்கிய அதே மாதிரி, இரண்டு கையாலும் எடுத்து நீட்டினான். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கூட்டிச் சொன்னான்:

"மை சிஸ்டர் ஹஸ்பண்ட். ஹி கிவ், ஐ டேக். ஐ நாட் யூஸ். ஒன்லி கீப்."

அந்தப் பெண் திருப்பிப் போட்டோவைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். எங்கள் வண்டி எது என்று கேட்டு, கீழே போய், கண்ணாடியில் இருந்த சீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். நான் அதற்குள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, அன்பாகக் கொடுத்தார், எங்கள் ஊரில் மச்சான் கொடுத்ததை வேண்டாம் என்றால் அவரையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

அவர் அட்டையில் விழுந்த சாரலைக் கையால் துடைத்தார். சாரலில் நனைந்தபடி நின்றோம்.

"நான் பறிக்கிற அட்டையெல்லாம் போலி இல்லை அம்மா. போலியாக இருந்தால் எனக்கு மனசு வலிக்காது" என்றார். "அம்மா வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பார். மகன் அவர் அட்டையை எடுத்துக்கொண்டு சினிமாவுக்கு வருவான். நான் பிடுங்கினால் தண்டனை அம்மாவுக்கு. பிடுங்காவிட்டால், இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு வீடு திரும்பும் இன்னொரு அம்மாவுக்கு."

அதைத் தமிழில் தம்பிக்குச் சொன்னேன். அவன் தலையைத் தலையை ஆட்டினான். "இந்த அம்மிணி நல்லா அளக்கறாங்கக்கா" என்றான்.

அவன் நீட்டிய விதத்தைப் பார்த்திருந்தாரோ என்னவோ, அவரும் அட்டையை இரண்டு கையாலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "ஆனால் நீங்கள் இந்த ஏற்றத்தில் நடக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆளை வாசலில் இறக்கிவிடுவதற்கு எந்த அட்டையும் தேவையில்லை. இறக்கிவிட்டு உடனே வண்டியை எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான் விதி."

இதைக் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. சட்டம் என்றால் ஒன்று பயப்பட வேண்டும், இல்லை ஏமாற்ற வேண்டும். நடுவில் நின்று கேட்டால் வழி சொல்வார்கள் என்பது எங்களுக்குப் புதிது. நான் வண்டியை எடுத்துக்கொண்டுவந்து தம்பியை வாசலில் இறக்கினேன். மறுபடி கீழே போய் நிறுத்திவிட்டு நான் மூச்சு வாங்க ஏறி வரும்வரை, அந்தப் பெண் அவனோடு கூரைக்கடியில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் என்ன மொழியில் பேசினார்கள் என்று தெரியவில்லை. குண்டடம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஆளை மயில்சாமி தடியை வைத்து நடித்துக் காட்ட, அவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

6

உள்ளே நுழைந்ததும் கவுண்டரில் ஒரு பலகை. மாற்றுத்திறனாளிகளுக்குச் சலுகைக் கட்டணம், துணைக்கு வருபவருக்கு இலவசம், தயவுசெய்து சான்று காட்டவும். கவுண்டரில் இருந்த முதிய பெண்மணி, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

நான் முழு டிக்கெட்டே வாங்கிவிடலாம் என்று பர்ஸைத் திறந்தேன். இன்னொரு விசாரணையை என்னால் தாங்க முடியாது. மயில்சாமி என்னைத் தடுத்துவிட்டு, பேன்ட் பையிலிருந்து தன் அட்டையை எடுத்தான். திருப்பூர் முகாமில் காலை அளந்து கொடுத்தது. தமிழும் ஆங்கிலமும் அச்சடித்தது.

அந்தப் பெண்மணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார். "மயில்... சாமி" என்று எழுத்துக் கூட்டினார். என்ன குறை, எவ்வளவு என்று எழுதியிருப்பதைப் பார்த்தார். போட்டோவையும் அவனையும் பார்த்தார். "இது போதும்" என்று டிக்கெட் கிழித்தார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "இது இந்தியாவில் கொடுத்த அட்டை, பரவாயில்லையா?"

"எந்த நாட்டுச் சான்று என்று பலகையில் போடவில்லையே" என்றார் அவர்.

மயில்சாமிக்கு நான் சொல்லத் தேவைப்படவில்லை. டிக்கெட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். ஓவர்லாக் சத்தத்துக்கு மேலே பேசும் அந்தக் குரலில், கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்:

"அக்கா! என்ற அட்டை இங்க செல்லுதுங்கக்கா!"

பல்லடம் ரோட்டில் இதே அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதெல்லாம் இந்த பஸ்ல செல்லாதுங்க" என்று கண்டக்டர்கள் அவன் கையிலேயே திணித்ததை அவன் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவான். அன்றைக்கு அவன் கண் கலங்கியதைப் பார்த்தபோதுதான், அந்தச் சிரிப்பு எவ்வளவு பாடுபட்டுச் சிரித்தது என்று எனக்குத் தெரிந்தது. நானும் அழுதுவிட்டேன். கவுண்டர் பெண்மணி, என்ன தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று காகிதக் கைக்குட்டைப் பெட்டியை எங்கள் பக்கம் தள்ளினார்.

இயந்திரத்தைப் பார்த்தான். ஒருவர் உட்கார்ந்து காலால் மிதித்து, கையால் இழுத்து ஒரு வரிசை பின்னிக் காட்டினார். மயில்சாமி துணியின் விளிம்பைத் தொட்டு, விரலால் இழுத்துப் பார்த்து, "நம்ம துணிதானுங்க, சந்தேகமே இல்ல" என்று சான்றிதழ் கொடுத்தான். டிக்கெட்டோடு ஒரு போட்டோ எடுக்கச் சொன்னான். இயந்திரத்தோடு எடுக்கச் சொல்லவில்லை.

7

வீட்டுக்கு வந்ததும் நேராக மச்சான் படுத்திருந்த அறைக்குப் போனான். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தான்.

"ஒதவுச்சா மாப்ள?"

"மனசுக்குத் தெம்பா இருந்துச்சுங்க மச்சான்."

இவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். சமையலறையில் நான் தாரணியிடம் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு மாமன் மேல் ஒரே பெருமை. ஆனாலும் ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. "யூஸ் பண்ண மாட்டேன்னா, அப்பாகிட்ட வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே? அதுதானே ஈஸி?" என்றாள்.

மயில்சாமி ஊர் திரும்பினான். நான் என் வீட்டுக்காரரிடம் எதுவும் சொல்லவில்லை. கொடுத்தோம், உதவியது என்ற திருப்தியிலேயே அவர் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போன வாரம் அந்தப் பெண் கண்ணாடியைத் தட்டாமல் இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும்.

பயிற்சி முடிந்து அவர் வந்து காரில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அட்டையைக் கையில் வைத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே, கூடத்து வாசல் எங்கள் காரிலிருந்து நாலு எட்டுத்தான். அந்த நாலு எட்டுக்கே அவர் நெஞ்சு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நாங்கள் இதை அந்த மேட்டில் வைத்திருந்தால் இன்றைக்கு அவர் இங்கே வந்திருக்கவே முடியாது. நான் அதைச் சொல்லவில்லை. அவரே கணக்குப் போட்டுக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

மறுநாள் காலையில் அவரே மயில்சாமியைக் கூப்பிட்டார். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம், மெஷின் ஓடவில்லை. ஆனாலும் தம்பியின் குரல் போனை விட்டு வெளியே வந்து வீடு முழுக்கக் கேட்டது.

"சொல்லுங்க மச்சான்! மூச்சு எப்புடி இருக்குதுங்க?"

நல்லா இருக்கேன் என்று சொல்லப் போனவர், நிறுத்திக்கொண்டார்.

"முன்னைக்கு இப்ப கொஞ்சம் மோசந்தான் மாப்ள" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. "அந்த அட்டை இல்லைன்னா நான் ஊட்டை விட்டு எறங்க முடியாது. நேத்துத்தான் உங்கக்கா எல்லாத்தையுஞ் சொன்னா. மழைல அந்த மேட்டை நடந்து ஏறக் கெளம்பீருக்கீங்க."

அந்தப் பக்கம் தடியை எங்கோ சாய்த்துவைக்கும் சத்தம் கேட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க மச்சான்" என்றான், அவனுக்குத் தெரிந்த மெதுவான குரலில்.

"தப்பு என்னுதுதான். இனிமே நான் பாசத்துல எதையாச்சும் அந்த மாதிரி நீட்டுனன்னா, வாங்காதீங்க மாப்ள."

"அதெப்புடிங்க மச்சான்?" குரல் பழையபடி ஏறிவிட்டது. "நீங்க குடுத்து நான் வாங்காம இருப்பனுங்களா? வாங்குவனுங்க. கார்ல வெக்கத்தான் மாட்டனுங்க."